குட்டி யானைக்கு ஒரு கவசம்

சங்கரன்கோவில் பூமார்க்கெட் பக்கம் போயிருக்கிறவர்களுக்குக் குட்டி யானையைத் தெரியாமலிருக்காது. துதிக்கை கிடையாது, நாலு சக்கரம் உண்டு. 2005-ம் வருஷம் டாட்டா கம்பெனியார் 'ஏஸ்' என்று பெயரிட்டுக் கொண்டுவந்த சின்ன லோடு வண்டிக்கு ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் அது. என் தங்கை மகனிடம் அப்படி ஒன்று இருக்கிறது. விடியுமுன் மல்லிகைப் பூ மூட்டை, மத்தியானம் புளியங்குடி எலுமிச்சை என்று ஓடுகிறது. கடன் தவணை இன்னும் 14 மாதம் பாக்கி.

போன மாதம் ஒரு நாள் காலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, பின்பாடியிலே நின்னு பார்த்தா ரோடு தெரியுது!"

தெரியாமல் என்ன செய்யும்? பூ மூட்டையிலிருந்து ஓயாமல் தண்ணீர் சொட்டுகிறது. எலுமிச்சை நசுங்கினால் புளிப்புச் சாறு. மூட்டையை இழுக்கிற இழுப்பில் பெயிண்ட் உரிந்த இடத்தில் இந்த இரண்டும் போய் உட்கார்ந்தால், இரும்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதற்காக அவன் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காக்காரர்கள் தங்கள் 'பிக்கப்' வண்டிகளின் பின்பாடிக்கு ரப்பர் மாதிரி ஒரு பூச்சுப் பூசுவார்களே, அந்தச் சாமானை வாங்கி ஒரே சாயங்காலத்தில் பூசிவிட்டான். இருபதே நாளில் தோல் தோலாகக் கையோடு வந்துவிட்டது.

"கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றான்.

கூட வந்திருந்த அவன் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "கல்லிலே எண்ணெய் இருந்தா தோசை தானா எழும்பத்தானே செய்யும், மாமா?"

அவ்வளவுதான் விஷயம்! கிரீஸும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்த தகட்டின் மேல், கழுவாமல் தேய்க்காமல் பூசியிருக்கிறான். டிங்கரிங் பட்டறைக்காரரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார், கொஞ்சம் கடுமையான பாஷையில்.

வேறு வழியே இல்லையா என்று யோசித்தோம். ரப்பர் விரிப்புப் போடலாம். ஆனால் அதன் அடியில் தண்ணீர் தங்கி, நமக்குத் தெரியாமலே தகட்டைத் தின்னும். செக்கர் பிளேட் அடித்தாலும் அதே கதை, பாரம் வேறு கூடும். தார் பூசினால் சித்திரை வெயிலில் இளகி, மல்லிகை மூட்டையோடு ஒட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடும். கடைசியில் அந்தப் பாலியூரித்தேன் பூச்சுக்கே வந்து சேர்ந்தோம். மூட்டை வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான ரகம். செங்கல், மணல் அடிக்கிறவர்களுக்கு வழவழப்பானதே தேவலை. இல்லாவிட்டால் மண்வெட்டி ஒவ்வொரு தடவையும் தட்டும்.

மூன்று நாள் வாடகை போகும் என்றதும் மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. போகட்டும் என்றேன்.

முதல் நாள் முழுக்கத் துருவோடு சண்டை. ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங். பிறகு சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, 80-ம் நம்பர் உப்புத்தாளால் தளம் முழுவதையும் தேய்த்தார்கள். பளபளப்பு ஓரிடத்திலும் மிஞ்சக்கூடாது. பூச்சுக்குப் பிடிமானமே அந்தக் கீறல்கள்தான். மறுநாள் தின்னரால் துடைத்து, இரும்பு தெரிந்த இடங்களில் எபாக்சி பிரைமர். வழக்கமான ரெட் ஆக்சைடு போதாதா என்று கேட்டேன். மேலே பூசுகிற பூச்சின் தின்னர் பட்டால் அது சுருங்கிக் கிளம்பிவிடலாம் என்றார் பட்டறைக்காரர்.

மூன்றாம் நாள்தான் பூச்சு. டின்னின் அடியில் ரப்பர்த் துகள் படிந்திருக்கும். அடியோடு கலக்க வேண்டும். ஹார்டனரை ஊற்றிவிட்டால் பிறகு தாமதம் கூடாது, நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரமே இறுகிவிடும். அதனால் காலையில், பனி ஈரம் காய்ந்து தகடு சூடேறுவதற்குள் தொடங்கினோம். ஈரம் இருந்தால் பூச்சில் கொப்புளம் எழும்பும். தண்ணீர் வடிகிற துவாரங்களை அடைத்துவிடாமல் டேப் ஒட்டினோம். ரோலரால் முதல் பூச்சு நீளவாட்டில், டின்னில் போட்டிருந்த நேரம் விட்டு இரண்டாவது குறுக்குவாட்டில். ஒரே தடவையில் கனமாகப் பூசுவது சோம்பேறி வேலை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் தடவை இவன் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசியிருக்கிறான். இரவெல்லாம் இருமல். அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற சரக்கு இருக்கிறது. 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன மீதைல் ஐசோசயனேட்டுக்கு இது தூரத்து உறவு. அந்த அளவு கொடியதல்ல. ஆவியாகும் வேகமும் மிகக் குறைவு. ஆனால் நுரையீரலோடு இதற்கும் பகை உண்டு. உடம்புக்கு ஒரு தடவை ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலே இழுப்பு வரும். துண்டு இதைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்த முகமூடி, கையுறை, நாலு பக்கமும் காற்றோடுகிற இடம் மூன்றும் வேண்டும். ஸ்பிரே துப்பாக்கியால் அடிப்பது ரோலரைவிடப் பன்மடங்கு ஆபத்து. அதை வீட்டில் செய்யவே வேண்டாம். குழந்தைகளை அவர்கள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

அன்று சாயங்காலமே பூ வியாபாரி ஒருவர் போன் செய்தார். அவசர லோடாம், வாடகையும் கூடுதலாம். மாப்பிள்ளை வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டின்னிலோ, பாரம் ஏற்ற இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

"வண்டி வெள்ளிக்கிழமைக்கு அப்புறந்தான் அண்ணாச்சி!"