ஸ்டார்ட் ஆகாத மொரிஸ் மைனரும், நாம் கொடுக்க விரும்பாத கூலியும்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. காலையில் கார் ஸ்டார்ட் ஆகாது. "பெட்டரி போயிட்டு, புதுசு போடுங்க" என்பார் பாஸ். போட்டு இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை. அடுத்தது கொயில், அதற்கடுத்தது பெற்றோல் பம்ப். கடைசியில் பார்த்தால், எர்த் வயர் பூட்டியிருக்கும் இடத்தில் கொஞ்சம் துரு!

இதில் பிழை பாஸுடையது மட்டுமா? இல்லை என்பதே எங்கள் கருத்து.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான கார். 1990களில் அதன் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவ்வளவு கைத்திறன் இருந்த நாடு இது.

அந்தக் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் தேட வேண்டிய ஒழுங்கு மிக எளிது.

முதலில் கரண்ட். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைந்தால் பெட்டரி, டேர்மினல், எர்த் வயர் மூன்றையும் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறையாமல் எஞ்சின் சும்மா இருந்தால் ஸ்டார்ட்டர் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: பழைய மைனர்களில் பெட்டரியின் பொசிட்டிவ்தான் எர்த். அது தெரியாமல் வேறு வாகனத்திலிருந்து வயர் கொடுத்தால் இருக்கிற வருத்தத்தோடு இன்னொன்றும் சேரும்.

எஞ்சின் சுற்றியும் பற்றவில்லையா? அடுத்தது ஸ்பார்க். டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இருக்கிறதா, பொயின்ட் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். மழைக்காலத்தில் ஒரு காய்ந்த துணியே பல கார்களை எழுப்பிவிடும்.

ஸ்பார்க் சரியென்றால் பெற்றோல். சாவியைத் திருப்பியதும் பம்ப் "டிக் டிக்" என்று அடித்து நின்றால் நல்லது. நிற்காமல் அடித்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. பல நாள் நின்ற காரில் சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் ஒரு டெஸ்ட் பல்பும் கொஞ்சம் பொறுமையும் போதும். பிறகேன் கராஜில் இது நடப்பதில்லை?

ஏனென்றால் தேடுவதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. ஒரு மணித்தியாலம் குனிந்து நின்று துருவைக் கண்டுபிடித்துச் சுரண்டிவிட்ட பாஸிடம், "சும்மா வயரைத் தட்டிவிட்டதற்கு இவ்வளவா?" என்று கேட்கிறோம். அதே பாஸ் புதுச் சாமான் பூட்டினால் பேசாமல் கொடுக்கிறோம். அப்படியானால் அவர் எதைச் செய்வார்?

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திறந்தபோதும் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டவில்லை. பழைய வாகனம்தான் பலருக்குக் கதி. பிழையான சாமானுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீட்டுச் செலவிலிருந்து போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஓ.எல். முடித்துவிட்டுக் கராஜுக்குப் போகும் பிள்ளைகள் எங்கள் வகுப்பில் இருந்தவர்கள். அங்கே அவர்கள் பார்ப்பது கழற்றிப் பூட்டுவதை மட்டும்தான். விடையைப் பார்த்து எழுதும் பிள்ளைக்குக் கணக்கு வருமா? காரணம் தேடப் பழகாதவன் கடைசி வரை கையாளாகவே இருப்பான், பாஸாக மாட்டான்.

அடுத்த முறை கராஜுக்குப் போனால், "எந்தச் சாமான் மாற்ற வேணும்?" என்று கேட்காதீர்கள். "என்ன காரணம்? பார்த்துச் சொல்லுங்க, பார்க்கிற கூலியைத் தாறோம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கொடுத்துவிட்டும் வாருங்கள்.