மூன்றாம் நம்பர் காற்று

என் கணினியின் பெருமூச்சைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒன்பது முறை புலம்பியிருக்கிறேனாம். ஒரு வாசகர் எண்ணிப் பார்த்து எழுதியிருந்தார். பத்தாவது புலம்பல் கிடையாது, ஐயா. போன சனிக்கிழமை ரிச்சி தெருவில் வெயிலில் அலைந்து, ஃபேனே இல்லாத கணினி ஒன்றை என் கையாலேயே பூட்டிவிட்டேன்.

17 செ.மீ. சதுரத்தில் ஒரு போர்டு. அதில் பதித்த இன்டெல் என்100 சிப்புக்கு 6 வாட் போதும். பழையது 65 வாட் பேர்வழி. அதன் சூட்டைத் தணிக்கத்தான் அத்தனை இரைச்சலும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி. மின்சாரத்துக்கு 19 வோல்ட் அடாப்டர். சிப்பின் தலையில் சீப்பு மாதிரி அலுமினிய ஹீட் சிங்க். பெட்டியை நிமிர்த்தி வைத்து, சீப்பின் பற்கள் மேலும் கீழுமாக நின்றால், சூடான காற்று தானே மேலேறிப் போய்விடும். இடையில் தடவும் பேஸ்ட், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற அளவு இருந்தால் போதும் என்றார் கடைக்காரர். நான் இட்லிக்கு மிளகாய்ப்பொடி மாதிரி அப்பி, துடைத்து, மறுபடி தடவினேன்.

ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் ஃபேன் சத்தம் ஆகாது. 1980இல் வந்த ஆப்பிள் III-க்கு ஃபேன் கூடவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். சிப்புகள் சாக்கெட்டில் தளர்ந்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போடுங்கள் என்று கம்பெனியே வைத்தியம் சொல்லும்படி ஆயிற்று. டி.வி.யின் தலையில் தட்டிப் படம் வரவழைத்த நமக்கு இதில் என்ன அதிசயம்!

என் கணினியைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், விளக்கு எரிந்தது, திரை வந்தது, சத்தம் இல்லை. மூன்று நிமிஷம் ராஜபோகம். அப்புறம் எங்கிருந்தோ ஒரு முனகல். பெட்டியில் காதை வைத்தேன், இல்லை. அடாப்டரில் வைத்தேன், இல்லை. நிமிர்ந்து பார்த்தால் சீலிங் ஃபேன். இத்தனை வருஷமாக ஒரு பெருமூச்சு இன்னொரு முனகலை மூடிவைத்திருக்கிறது.

ரெகுலேட்டரை முழுசாகத் திருப்பினால் முனகல் இல்லை. பாதிக்குக் குறைத்தால் ஆரம்பித்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் தம்பி ஏணிகூடப் போடவில்லை. "ஃபேன் நல்லாத்தான் சார் இருக்கு. ரெகுலேட்டர்தான் கரண்டை வெட்டி வெட்டி அனுப்புது" என்றார். அதற்குள் இருக்கும் டிரையாக் வேகத்தைக் குறைக்க மின்னலையின் ஒவ்வொரு பாதியிலும் ஒரு துண்டை நறுக்கிவிடுகிறது. நம் வீட்டு மின்சாரத்தில் நொடிக்கு 100 பாதிகள். நொடிக்கு 100 வெட்டு. மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

அப்பா காலத்து ரெகுலேட்டர் முனகியதில்லை. சுவிட்ச் பலகையில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு டப்பா. உள்ளே கம்பிச் சுருள். மிச்ச மின்சாரத்தை அது சூடாக்கித் தின்றுவிடும். வேகத்தைக் குறைத்ததால் கரண்ட் பில் பெரிதாக இறங்காது, டப்பாதான் கொதிக்கும். ஐப்பசி மழையில் நமத்துப்போன தீப்பெட்டியை அப்பா அதன் தலையில் வைத்து உலர்த்துவார். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தால், அங்கிருந்துதான் தீப்பெட்டி போகும். சூட்டை வீணாக்காத மனிதர். ஃபேனை மூன்றுக்கு மேல் வைக்கவும் விடமாட்டார்.

"அந்த டப்பா இப்போ கிடைக்குமா?" என்று கேட்டேன். தம்பி சிரித்தார். கெபாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டரை மாட்டினார். அது அலையை நறுக்காமல் வோல்டேஜை மட்டும் இறக்குகிறது. நாலே நம்பர். முனகல் நின்றது.

ஆனால் இரண்டில் வைத்தால் காற்று போதவில்லை. கணினியின் தலையும் தொட முடியாமல் சுடுகிறது. மூன்றில் இரண்டு பேருக்கும் சௌக்கியம், மேசையில் இருக்கிற காகிதங்கள்தான் பறக்கின்றன. பழைய கணினியைத் தூக்கி அவற்றின்மேல் வைத்திருக்கிறேன்.