செமராங்கில் ஒரு டச்சுக்காரர்

1942 ஏப்ரல் மாதம். நெதர்லாந்தின் அமெர்ஸ்ஃபோர்ட் நகரை ஒட்டி நாஜிகள் நடத்திய முகாமில் ஹென்க் ஸ்னேவ்லீட்டும் அவருடைய தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருக்கு அப்போது வயது 58. 'இன்டர்நேஷனல்' கீதத்தைப் பாடியபடியே சாகப் போனார்கள் என்பார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஜெர்மன் நீதிமன்றம் அவர்களை விசாரித்து மரண தண்டனை விதித்திருந்தது. அடுத்தவன் நாட்டில் புகுந்தவன் அங்கேயே நீதிபதியாகவும் உட்கார்ந்து எழுதும் தீர்ப்புக்குக் கொலை என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

நாஜிகளை எதிர்த்து உயிர்விட்ட டச்சுக்காரர்கள் பலர். அத்தனை பேரும் வணக்கத்துக்கு உரியவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் போராட்டம் 1940 மே மாதம், ஹிட்லரின் படை எல்லை தாண்டி வந்த அன்று தொடங்கியது. ஸ்னேவ்லீட்டுக்கு அது பல்லாண்டு முன்பே, ஆக்கிரமித்தவர்கள் டச்சுக்காரர்களாகவே இருந்த இடத்தில் தொடங்கிவிட்டது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இதனால்தான்.

ராட்டர்டாமில் 1883-இல் பிறந்தவர். ஏழைக் கத்தோலிக்கக் குடும்பம், சிறு வயதிலேயே தாயை இழந்த பிள்ளை. ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார், தொழிற்சங்கத்தில் வளர்ந்தார். 1911-இல் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றார். அவருடைய சொந்த சங்கமும் கட்சியும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. மனம் வெறுத்து வெளியேறியவர் 1913-இல் பிழைப்புத் தேடிக் கப்பலேறினார். போய் இறங்கிய இடம் டச்சுக் கிழக்கிந்தியா, இன்றைய இந்தோனேசியா.

அங்கே ஒரு வெள்ளைக்காரருக்கு வாழ்க்கை எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. செமராங் நகர வர்த்தகர் சங்கத்தில் செயலாளர் பதவியே கிடைத்தது. சர்க்கரை ஆலை முதலாளிகள் புழங்கும் வட்டாரம் அது. ஜாவா விவசாயியின் நெல் வயல்களில் ஆலைக்காகக் கரும்பு நடப்பட்ட காலம். பகலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், மற்ற நேரமெல்லாம் ரயில், டிராம் தொழிலாளர் சங்கத்தில் கிடந்தார். டச்சுக்காரரும் ஜாவாக்காரரும் சேர்ந்திருந்த சங்கம் அது. ஐரோப்பியரின் நலன் பேசிக்கொண்டிருந்த அந்தச் சங்கத்தை ஜாவாத் தொழிலாளியின் பக்கம் திருப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1914-இல் சுரபாயாவில் ஒரு சோஷலிச அமைப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் டச்சுக்காரர்களே. பிறகு செமாவுன் என்ற ரயில்வே ஊழியர் வந்தார், இருபது வயதுகூட ஆகாத இளைஞர். 1920-இல் அந்த அமைப்பு கம்யூனிஸ்ட் கட்சியானபோது அதன் தலைவர் செமாவுன்தான். அந்நியர் தொடங்கி வைத்ததை அந்த மண்ணின் மக்கள் தமதாக்கிக்கொண்டார்கள்.

1917 மார்ச். ரஷ்யாவில் ஜார் மன்னர் வீழ்ந்த செய்தி வந்தது. 'வெற்றி' என்ற தலைப்பில் ஸ்னேவ்லீட் ஒரு கட்டுரை எழுதினார். பசியோடும் பொறுமையோடும் கிடக்கும் ஜாவா மக்களுக்கும் இந்தச் செய்தியில் ஒரு பாடம் இருக்கிறது என்பதுதான் சாரம். காலனி அரசு வழக்குப் போட்டது. அவரே எழுந்து மணிக்கணக்கில் வாதாடினார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வாதமாக அது இருக்கவில்லை. டச்சு ஆட்சி ஜாவாவில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை டச்சு நீதிபதிகளின் முகத்துக்கு நேரே சொன்ன குற்றப்பத்திரிகை அது. பின்னால் புத்தகமாகவும் வந்தது. நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

ஆனால் விசாரணையே இல்லாமல் யாரையும் நாடு கடத்தும் அதிகாரம் கவர்னர் ஜெனரலின் கையில் இருந்தது. டச்சுப் படைவீரர்களையும் மாலுமிகளையும் ஸ்னேவ்லீட்டின் ஆட்கள் திரட்டத் தொடங்கியதும் அரசுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. 1918 டிசம்பரில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை வெளியேற்றினார்கள்.

அதன் பிறகு மாஸ்கோ. 1920-இல் கம்யூனிஸ்ட் அகிலத்தின் இரண்டாம் மாநாட்டில், காலனி நாடுகள் பற்றி லெனினும் நம் எம்.என். ராயும் வாதிட்ட அந்தக் குழுவுக்குச் செயலாளர் இவரே. அப்போது பெயர் மாரிங். அந்தப் பெயரோடுதான் அடுத்த ஆண்டு ஷாங்காய் போனார். 1921 ஜூலையில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு ஒரு வீட்டில் ரகசியமாக நடந்தது. மாவோவும் ஒரு பிரதிநிதி. ஜூலை 30 இரவு முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தவறான வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்லிப் போனான். உடனே கலைந்து போங்கள் என்றார் மாரிங். சற்று நேரத்தில் போலீஸ் வந்தது. தலைமறைவு வாழ்க்கையில் அடிபட்டவரின் மூக்கு சரியாக மோப்பம் பிடித்திருந்தது.

சீனாவில் அவர் செய்த எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஜாவாவில் சரிகத் இஸ்லாம் இயக்கத்துக்குள் இருந்து வேலை செய்த அனுபவத்தை வைத்து, கம்யூனிஸ்டுகள் குவோமின்டாங் கட்சிக்குள் சேர வேண்டும் என்று வற்புறுத்தினார். சீனத் தோழர்கள் பலருக்கு அதில் விருப்பம் இல்லை. 1927-இல் குவோமின்டாங்கின் தலைவர் சியாங் கை-ஷேக் திரும்பி அடித்தபோது அவர்கள் கொடுத்த விலை பயங்கரமானது. மாரிங்கின் தோரணையில் காலனி எஜமானனின் வாடை அடித்தது என்ற பொருளில் அந்தச் சீனத் தோழர்களில் ஒருவரான ஜாங் குவோதாவ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். வெள்ளை ஆதிக்கத்தை எதிர்த்தே ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவரிடமும் அது ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கசப்பை மறைத்துவிட்டு அவரைப் போற்றுவது அவருக்கு மரியாதை ஆகாது.

பிறகு நெதர்லாந்து திரும்பினார். 1927-இல் மாஸ்கோவின் வழியில் நடந்த கட்சியை உதறினார். 1933 பிப்ரவரியில் சுமத்ராவை ஒட்டிய கடலில் 'டி செவன் புரோவின்சியன்' என்ற டச்சுப் போர்க்கப்பலில், சம்பளத்தை வெட்டியதை எதிர்த்து மாலுமிகள் கிளர்ந்தார்கள். இந்தோனேசியரும் ஐரோப்பியரும் ஒன்றாக நின்று கப்பலைக் கைப்பற்றினார்கள். அரசு விமானத்திலிருந்து குண்டு போட்டது, 23 பேர் செத்தார்கள். நெதர்லாந்தில் கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆதரவாக வெளிப்படையாக எழுதிய ஸ்னேவ்லீட்டைச் சிறையில் தள்ளினார்கள். அவர் சிறைக்குள் இருக்கும்போதே மக்கள் ஓட்டுப் போட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த வாழ்க்கையில் என்னை அதிகம் உலுக்கியது 1937 செப்டம்பரில் நடந்தது. இக்னாஸ் ரைஸ் என்ற சோவியத் உளவாளி, மாஸ்கோவில் நடந்த கொலைகளைப் பொறுக்காமல் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். அவர் நம்பித் தொடர்பு கொண்ட ஆள் ஸ்னேவ்லீட். பிரான்ஸின் ரான்ஸ் நகரில் சந்திப்பதாக ஏற்பாடு. ஸ்னேவ்லீட்டும் எழுத்தாளர் விக்டர் செர்ஜும் அங்கே ரயில் நிலையத்தில் காத்திருந்தார்கள். ஆள் வரவில்லை. அதற்கு முந்தைய நாளே சுவிட்சர்லாந்தில் லோசான் நகருக்கு அருகே ரைஸின் உடல் குண்டுகள் துளைத்துக் கிடந்தது. ஸ்டாலினின் ஆட்கள் முந்திக்கொண்டார்கள். அதே பத்தாண்டுகளில்தான் ஸ்னேவ்லீட்டின் இரட்டைப் பிள்ளைகள் இருவரும் ஒருவர் பின் ஒருவராகத் தற்கொலை செய்துகொண்டார்கள். வேறொருவர் என்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார். யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது.

நாஜிகள் வந்தபோது அவருக்கு 57 வயது முடியும் நேரம். தான் தனியாக நடத்திவந்த கட்சியைக் கலைத்துவிட்டுத் தலைமறைவு முன்னணி ஒன்றைக் கட்டினார், 'ஸ்பார்டகஸ்' என்ற ரகசியப் பத்திரிகையை நடத்தினார். 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமின் டிராம் ஊழியர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் யூதர்கள் வேட்டையாடப்படுவதை எதிர்த்து வேலையை நிறுத்தினார்களே, அந்தப் போராட்டத்துக்கு அவருடைய முன்னணியும் துணை நின்றது. அடுத்த ஆண்டு பிடிபட்டார்.

அவர் செத்து மூன்று ஆண்டுகளில் நெதர்லாந்து விடுதலையானது. விடுதலையான கையோடு அந்த நாடு என்ன செய்தது? சுதந்திரம் அறிவித்துவிட்ட இந்தோனேசியாவைத் திரும்பப் பிடிக்க லட்சத்துக்கும் அதிகமான வீரர்களைக் கப்பலேற்றி அனுப்பியது. ஜெர்மானியரின் பூட்ஸ் காலடியில் ஐந்து ஆண்டுகள் கிடந்த மக்களின் பிள்ளைகள் ஜாவாவின் கிராமங்களை எரிக்கப் போனார்கள். நான்கு ஆண்டுகள் நடந்தது அந்தப் போர். அதில் நடந்த கொடுமைகளுக்கு டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2022 பிப்ரவரியில். ஸ்னேவ்லீட் செமராங் நீதிமன்றத்தில் பேசி அதற்குள் நூறு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

இன்று அவரை யாருடையவர் என்று சொல்வது? இந்தோனேசியாவில் அவர் வித்திட்ட கட்சியினர் லட்சக்கணக்கில் 1965-66-இல் கொல்லப்பட்டார்கள். 1966-இல் போட்ட தடை இன்னும் நீங்கவில்லை. மாஸ்கோவுக்கு அவர் துரோகி. டிராட்ஸ்கியோடு இருந்த உறவும் 1938 வாக்கில் முறிந்துபோனது. சீனாவில் மாரிங் என்ற பெயரோடு கட்சி வரலாற்றின் முதல் பக்கத்தில் நிற்கிறார். ஆம்ஸ்டர்டாமில் ஒரு சாலைக்கும் ஒரு மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது.

எம்.என். ராயைப் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதே மேசையில் உட்கார்ந்து, தன் நாட்டின் சாம்ராஜ்யத்துக்கு எதிராகவே குறிப்பு எழுதிய இந்த மனிதரையும் நம் வாசகர்கள் அறிய வேண்டும். இளம் எழுத்தாளர் யாராவது இவருடைய வாழ்க்கையை விரிவாகத் தமிழில் எழுத முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். செமராங் நீதிமன்ற உரையிலிருந்து தொடங்குங்கள்.