தேனிலவும் கல்வராயன் மலையும்

ஆவணி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சியில் கலியாண மண்டபம் கிடைப்பது அரிது. முகூர்த்தம் குறித்தவுடன் நகை, புடவை, பந்தல், சாப்பாடு என்று பெற்றோர் கணக்குப் போடுவது பழைய வழக்கம். அந்தக் கணக்கில் இப்பொழுது புதிய செலவினம் ஒன்று சேர்ந்திருக்கிறது. விவாகமான தம்பதிகள் மாலத்தீவுக்கோ பாலித் தீவுக்கோ ஒரு வாரம் உல்லாசப் பிரயாணம் போய்வர வேண்டுமாம். வசதி படைத்தோர் போய்வருவதில் நமக்கு ஆட்சேபமில்லை. கரும்புப் பணம் கைக்கு வந்தால்தான் பழைய கடன் தீரும் என்ற நிலையிலுள்ள குடும்பங்களும், நாலு பேர் நடுவே தலைகுனிவு நேரக் கூடாதென்று, வட்டிக்கு வாங்கியோ மணமகளின் நகையை அடகு வைத்தோ இதற்குப் பணம் தேடுவார்களாயின், அதுவே நாம் கவலையுடன் கவனிக்க வேண்டிய விஷயம்.

‘தேனிலவு’ என்பது நம் முன்னோர் வழங்கிய சொல்லன்று. ஆங்கிலச் சொல்லொன்றின் நேர் மொழிபெயர்ப்பு. 1961-இல் ஸ்ரீதர் எடுத்த சினிமாவுக்கும் அதுவே பெயர்; அதன் பெரும்பகுதி காஷ்மீரத்தில் படமாக்கப்பட்டது. சொல் அந்நியமானதென்பதற்காக வழக்கமே தீது என்று வாதிப்பது அறிவுடைமையாகாது. நமது குடும்பங்களில் மணமானதும் மறுவீடு, தாய்மாமன் வீட்டு விருந்து, அத்தை வீட்டு விருந்து என்று இளந்தம்பதிகள் ஊர் ஊராய்ச் சென்று வருவார்கள். அவற்றில் அன்பு உண்டு, தனிமை இல்லை. அதுவரை ஒருவரையொருவர் நன்கு அறியாத இருவர், உற்றார் கண்ணில் படாமல் சில தினங்கள் மனம் விட்டுப் பேசுவது நன்மையே. புகுந்த வீட்டின் அடுப்படிக்குள் நுழையுமுன் தன் விருப்பு வெறுப்பைக் கணவனிடம் சொல்ல மணமகளுக்கு அது ஒரு சந்தர்ப்பமுமாகும். ஆகவே, தேனிலவு வேண்டாமென்பது நமது கட்சியன்று. அதற்குத் தீவு எதற்கு, கடன் எதற்கு என்பதே நமது கேள்வி.

2024 ஜனவரியில் நமது பிரதமர் லக்ஷத்தீவுக்குச் சென்றதையொட்டி, மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் இழிவான வார்த்தைகளை வெளியிட்டார்கள். அந்நாட்டு அரசாங்கமே அவர்களைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தது. மாலத்தீவைப் பகிஷ்கரித்து லக்ஷத்தீவுக்குப் போவோம் என்ற கோஷம் இங்கே எழுந்தது. 2023-இல் 2 லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் சென்ற அந்நாட்டுக்கு, அடுத்த ஆண்டு சென்றோர் தொகை வெகுவாகக் குறைந்தது. மானமுள்ள ஜனங்களுக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால், கோபம் ஒரு வழக்கத்தைத் திருத்திவிடாது. லக்ஷத்தீவிலுள்ள 36 தீவுகளில் ஜனங்கள் வசிப்பவை 10 மட்டுமே. குடிதண்ணீரே அருமையான அச்சிறு நிலத்தில் தேசத்துத் தம்பதிகளெல்லாம் போய் இறங்கினால் அது தாங்காது. மேலும், எந்தக் கொடி பறக்கும் தீவுக்குப் போனாலும், அடகுக் கடைக்காரர் வாங்கும் வட்டி ஒன்றேதான்.

மாலத்தீவிடமிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று உண்டு. அங்கே முதல் உல்லாச விடுதி 1972-இல் திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் தொழில் வளர்ந்தது. அந்நியர் தங்கும் தீவு வேறு, குடிமக்கள் வாழும் தீவு வேறு என்று பிரிவினை ஏற்பட்டது. விடுதி நடத்தும் முதலாளிக்குக் கிடைத்த லாபத்தில் சாமானிய மீனவக் குடும்பத்துக்குக் கிடைத்தது சொற்பம். சுமார் 2009 முதற்கொண்டு குடிமக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் விடுதிகள் நடத்த அனுமதி கிடைத்த பிறகே, சாதாரண ஜனங்கள் தங்கள் வீட்டு வாயிலிலேயே வருமானத்தைக் கண்டார்கள். விருந்தாளி யார் வீட்டில் தங்குகிறாரோ அவருக்கே பயன். இதுதான் அந்தப் பாடம்.

இதை மனத்திற்கொண்டு கல்வராயன் மலையைப் பார்ப்போம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கிளையாக அது நிற்கிறது. அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூரில் படகுத் துறை. ஊட்டியின் உயரமில்லை, ஊட்டியின் நெரிசலும் இல்லை. தேனும் கடுக்காயும் சேகரிக்கும் மலையாளிகள் அங்கே வசிக்கிறார்கள். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்வோர் என்று பொருள் சொல்லுவார்கள். தேனிலவு நாடித் தீவுக்குப் பறக்கும் நமது இளைஞர்களில், மெய்யாகவே தேன் எடுக்கப்படும் இந்த மலையை ஏறிப் பார்த்தவர் எத்தனை பேர்?

ஆயினும், நாளைக்கே அங்கே போங்கள் என்று தம்பதிகளுக்கு யோசனை சொல்ல நமக்கு நா எழவில்லை. கண்ணியமாகத் தங்க இடங்கள் மிகச் சில. உள்ளூர்க் கிராமங்கள் பலவற்றுக்குச் சாலை வசதி போதாது. பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் இம்மலை சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த பின்னர், கல்வராயன் மலை மக்களின் நிலைமையைச் சென்னை ஹைக்கோர்ட்டு தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கடல் சூழாவிட்டாலும் இதுவும் ஒரு தீவாகத்தான் விடப்பட்டிருந்தது. சாராய ஊறலை அழிக்கப் போலீஸார் ஏறுகிறார்கள். அதைவிட நல்ல பிழைப்பொன்றை அங்கே கொண்டுசேர்க்கவும் யாரேனும் ஏற வேண்டாமா?

விருந்தோம்பல் அப்படிப்பட்ட பிழைப்பாகலாம். ஆனால், முறை தவறினால் அதுவே தீங்காகவும் முடியும். பட்டணத்து முதலாளிகள் நிலத்தை வளைத்து மாளிகை எழுப்பி, மலையாளிப் பெண்களை அறை பெருக்க வைப்பதாயின், ஜாகீர் முறை வேறு வேஷத்தில் திரும்பி வந்ததாகவே கொள்ள வேண்டும். மலைவாழ் குடும்பங்களே தங்கள் வீடுகளையொட்டி ஓரிரு சுத்தமான அறைகள் கட்ட, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வழியாகக் குறைந்த வட்டியில் கடன் தரலாம். தேனையும் தினையையும் இடைத்தரகரின்றிக் கூட்டுறவுச் சங்கங்களே விற்கலாம். மலை நிலம் வெளியார் கைக்கு மாறாதபடி காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னதாகச் சாலையும் ஆஸ்பத்திரியும் வேண்டும். அவை விருந்தாளிக்கு முன்பே அங்கு வாழ்வோருக்கு உரியவை.

தம்பதிகள் எங்கே போவதென்று தீர்ப்புச் சொல்ல நாம் யார் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தம்பதிகளே தீர்மானிக்கட்டும்; அண்டை வீட்டாரின் கண்ணும், பிறர் காட்டும் புகைப்படங்களும் தீர்மானிக்க வேண்டாம். இல்லறத்தின் முதல் வருஷத்தை வட்டி கட்டுவதில் கழிப்பவர்க்கு எந்தத் தீவின் நினைவும் இனிக்காது. சர்க்கார் தன் கடமையைச் செய்து இம்மலையைத் திறந்துவைக்குமாயின், கையிலுள்ள பணத்துக்குள் மலையேறி, மணமகளின் கழுத்தில் நகை இருக்க, இறங்கிவரும் தம்பதிகளை விரைவில் காண்போம் என்று நம்புகிறோம்.