கொலு பொம்மைக்கு என்ன பிரைமர்? டப்பா விலையை விடுங்க, பொம்மையைப் பாருங்க

கணபதியை வழியனுப்பின கையோட மாதுங்காவிலயும் செம்பூர்லயும் நம்ம ஜனங்க பரண்லேர்ந்து பொம்மைப் பெட்டியை இறக்க ஆரம்பிச்சுடுவாங்க. மும்பை மழை சும்மா விடுமா? செட்டியார் கடையில பூசணம். கல்யாண செட்டுல நாதஸ்வரக்காரருக்கு வேட்டி உரிஞ்சிருக்கும். சரி, புதுசா வர்ணம் அடிக்கலாம்னு உட்கார்ந்தா முதல் கேள்வியே, அடியில என்ன பிரைமர் பூசறதுங்கறதுதான். வீட்டுப் பிள்ளைங்க வலையில தேடி, 'ஜெஸ்ஸோ'ன்னு வெளிநாட்டு டப்பா ஒண்ணை வரவழைச்சுடுவாங்க. விலையைக் கேட்டா ரெண்டு புது பொம்மையே வாங்கிடலாம் போலிருக்கும்!

என் கட்சி இதுதான். மண், காகிதக்கூழ், பிளாஸ்டர் பொம்மைக்கெல்லாம் சுவருக்கு அடிக்கற வாட்டர் பிரைமரே போதும். ஆனா மலிவா கிடைக்குதேன்னு எல்லா பொம்மைக்கும் அடிக்கக் கூடாது.

பிரைமர் செய்யற வேலை மூணு. மண்ணு வர்ணத்தைக் குடிச்சுடாம தடுக்கணும், மேல வர்ற வர்ணத்துக்குப் பிடிமானம் தரணும், எல்லா இடத்துலயும் ஒரே வெள்ளையா இருக்கணும். இதுக்கு சுண்ணாம்புக்கல் பொடி மாதிரி வெள்ளைப் பொடியும் ஒரு பசையும் இருந்தா ஆச்சு. தஞ்சாவூர் ஓவியக்காரங்க பலகையில துணி ஒட்டி, சுக்கான் பொடியைப் பசையோட குழைச்சுப் பூசறாங்களே, அதுவும் இதே வேலைதான். கடை ஜெஸ்ஸோவுல பசை அக்ரிலிக், கூட டைட்டானியம் வெள்ளை. சுவர் பிரைமரும் கிட்டத்தட்ட அதே குடும்பம், பொடி மட்டும் கொஞ்சம் கரகரப்பு.

இன்னொரு வேடிக்கை. கேம்லின் 1931ல, ஏசியன் பெயிண்ட்ஸ் 1942ல, ஃபெவிகால் பண்ற பிடிலைட் 1959ல... மூணுமே ஆரம்பிச்சது இதே மும்பையில. இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு வெள்ளைப் பூச்சுக்குக் கப்பலை எதிர்பார்க்கறது நம்மாளுங்களுக்கு மட்டும்தான் வரும்.

சுவர் பிரைமரை டப்பாவுல இருக்கற கெட்டியிலேயே பூசினா பொம்மைக்கு மூக்கு முழி எல்லாம் மூடிக்கும். நான் தண்ணி விட்டு மோர் பதத்துக்குக் கரைச்சு, பழைய வேட்டித் துணியில வடிகட்டிக்கறேன். கெட்டியா ஒரு கோட்டுக்கு பதிலா மெல்லிசா ரெண்டு கோட். நடுவுல ஒரு முழு நாள் ஃபேன் காத்துல காயணும். கணபதி போனப்புறம் நடுவுல இருக்கறது மஹாளய பட்சம் 15 நாள்தான், அதனால கடைசி வாரம் வரைக்கும் தள்ளாதீங்க. ஒரு லிட்டர் டப்பா மூணு நாலு வீட்டுக்குத் தாராளமா வரும். பில்டிங்ல பங்கு போட்டுக்குங்க.

கிரிக்கெட் செட் மாதிரி விரல் உயரப் பொம்மைக்கு மட்டும் நம்ம ஊர் கம்பெனி ஜெஸ்ஸோ ஒரு சின்ன பாட்டில் வாங்கலாம். அந்தக் கரகரப்பு சின்ன முகத்துல தெரியும்.

வேண்டாதது என்னென்ன? ஃபெவிகாலைத் தண்ணியில கரைச்சு அடிக்கறது ஒண்ணு. அந்தப் பசை ஈரத்துல இளகும். அடுத்த மழைக்காலத்துல பொம்மையும் சுத்தின பேப்பரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இரும்புக்கு அடிக்கற ரெட் ஆக்ஸைடும் வேண்டாம், வெளிர் நிறமெல்லாம் மேல எடுபடாது. பிளாஸ்டிக் பொம்மையில சுவர் பிரைமர் நகம் பட்டாலே உரியும், அதுக்குன்னே ஸ்ப்ரே பிரைமர் தனியா இருக்கு. மரப்பாச்சிக்கோ எதுவுமே வேண்டாம். அந்த மரத்தோட நிறம்தான் அதுக்கு அழகு, புடவை கட்டி விட்டா போதும்.

சந்தேகமா இருந்தா, தாராவி கும்பார்வாடாவுல வர்ணம் அடிக்காத மண் அகல் நாலு வாங்கிட்டு வாங்க. சௌராஷ்டிரத்துலேர்ந்து வந்த குயவர் குடும்பங்க அங்கே தலைமுறை தலைமுறையா சக்கரம் சுத்தறாங்க. முதல்ல அகல்ல பூசி, காயவெச்சு, நகத்தால சுரண்டிப் பாருங்க. நல்லா பிடிச்சா அப்புறம் தசாவதாரத்துக்குப் போகலாம். அகலும் வீணாகாது, தீபாவளி வருதே!

இப்ப கொஞ்சம் சீரியஸான விஷயம். வீட்டுக்கு அடிக்கற பெயிண்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல விதி வந்தது 2016ல, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முன்னால வர்ணம் பூசின பொம்மையில ஈயம் இருக்கலாம், அதுவும் பளபளன்னு எனாமல் அடிச்சிருந்தா. அதை உப்புத்தாளால வறட்டு வறட்டுனு தேய்ச்சா அந்தத் தூள் குழந்தைங்க மூச்சுலயும் வாயிலயும் போகும். பளபளப்பு போகணும்னா வாட்டர் பேப்பரை நனைச்சு லேசா தேய்ங்க. கழிசலை ஈரத்துணியில துடைச்சுக் கட்டிக் குப்பையில போடுங்க. அந்த நேரத்துல குழந்தைங்க பக்கத்துல வேண்டாம். பிரைமர்ல பத்து ரூபா மிச்சம் பிடிக்கறதைவிட இது முக்கியம். புது டப்பா வாங்கறப்பவும் 'ஈயம் சேர்க்காதது'ன்னு போட்டிருக்கான்னு பாருங்க.

கடைசியா, நிறைய பேர் சண்டைக்கு வர்ற விஷயம். முகம் நல்லா இருந்தா முகத்துல பிரைமர் அடிக்காதீங்க. பண்ருட்டியோ, மதுரை விளாச்சேரியோ, புதுச்சேரி கோசப்பாளையமோ, அந்தக் கைவினைஞர் கண் திறந்த விதம் நமக்கு வராது. உடம்புக்குப் பூசி, கழுத்தோட நிறுத்திக்குங்க. முகத்தை மெத்துனு இருக்கற பிரஷ்ஷால தூசி தட்டினா போதும். பழசும் புதுசுமா நிறம் மாறித் தெரியுமேம்பாங்க. தெரியட்டுமே! மும்பையில பொறந்த குழந்தைக்கு கொலுப்படியில இருக்கற அந்த முகம்தான் கொள்ளுப்பாட்டி வீட்டுலேர்ந்து மாறாம வந்த ஒண்ணு. எந்த ஊர் பிரைமரா இருந்தாலும் ஒரே கோட்டுல அதை அழிச்சுடும். அப்புறம் அந்த முகத்தை எந்தக் கடையிலயும் வாங்க முடியாது.