வேட்டைக்கு வரம்பு வேண்டாமா?

அமெரிக்க நாட்டிலே பென்சில்வேனியா என்றொரு மாநிலம் உண்டு. மான் வேட்டை தொடங்கும் நாள் அங்கே ஊர்த் திருநாள். நன்றி நவிலும் விழாவை அடுத்து வரும் திங்கட்கிழமையன்று அது தொடங்குவது 2018ஆம் ஆண்டு வரை நீடித்த வழக்கம். அன்று சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறை. தந்தையும் மகனும், பாட்டனும் பேரனும் விடியுமுன்னே எழுந்து, பனி படர்ந்த மலைச்சரிவிலே ஆளுக்கொரு மரத்தடியில் அமர்ந்துவிடுவர். 2016ஆம் ஆண்டு வேட்டைப் பருவத்துக்கு மட்டும் அங்கே உரிமச் சீட்டு வாங்கியோர் தொகை ஒன்பது இலட்சத்துக்கு மேல்.

துப்பாக்கியைக் கண்டு அஞ்சுபவர்களா அவர்கள்? இல்லை. வேட்டையை வெறுப்பவர்களா? அதுவும் இல்லை. ஆயினும் 2017ஆம் ஆண்டில், "மான் வேட்டைக்கு அரைத்தானியங்கித் துப்பாக்கி வேண்டுமா?" என்று அவர்களைக் கேட்டபோது, "வேண்டாம்" என்றனர் பெரும்பாலோர். அந்த மறுமொழியைப் பழமைவாதம் என்று பழித்தவர்கள் உண்டு. உரிமைப் பறிப்பு என்று குமுறியவர்களும் உண்டு. அந்த வேட்டைக்காரர்கள் சொன்னதே சரி, அவர்களைப் பழித்தவர்கள் சொன்னது தவறு என்பதே நமது வாதம்.

"எங்கோ நடந்த இச்செய்தி நமக்கெதற்கு? நம் நாட்டிலே 1972ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் பின்வந்த திருத்தங்களும் வேட்டைக்கே வேலியிட்டுவிட்டனவே!" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறைதான். ஆனால் அங்கே எழுந்த வழக்கு மானைப் பற்றியது மட்டுமன்று. பொதுநலனுக்கென்று போட்ட வரம்பைச் சிலரது வசதிக்காக வெட்டியெறிய நினைப்போர், அந்த வெட்டுக்கு 'விடுதலை' என்று பெயர் சூட்டுவர். அந்தத் தந்திரம் நாடறிந்த தந்திரம். எந்த நாட்டுக்கும் பொதுவான தந்திரம். ஆகவே அறிந்துகொள்ள வேண்டியது நம் கடமை.

முதலில், கருவி எத்தகையது என்று காண்போம். வேட்டைக்காரர் கையிலுள்ள பழைய வகைத் துப்பாக்கியில் ஒரு குண்டு சுட்டபின், கையால் தாழை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அரைத்தானியங்கியில் அந்த வேலையைச் சுட்ட குண்டின் விசையே செய்துவிடுகிறது. வெற்றுத் தோட்டா தானே வெளியே தெறிக்கும். புதுத் தோட்டா தானே உள்ளே புகும். விரலை அசைக்க அசைக்கக் குண்டு பாயும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில்தான், "நான் கண்டது மானா, மனிதனா? மானுக்குப் பின்னால் இருப்பது மலையா, வீடா?" என்று எண்ணிப் பார்க்க மனிதனுக்கு இடம் கிடைக்கிறது. அந்தக் கணத்தை விற்றுவிட்டு வேகத்தை வாங்கு என்கிறார்கள்!

இந்த வரம்பு எப்போது வந்தது? நேற்றைய மிதவாதிகள் போட்டதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பென்சில்வேனியக் காடுகள் வெட்டுண்டு மொட்டையாயின. மான் அருகிப்போயிற்று, காண்பதே அரிதாயிற்று. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறா கோடிக்கணக்கில் கொல்லப்பட்டு, கடைசிப் பறவை 1914ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையின் கூண்டிலே செத்து விழுந்தது. சுடத் தெரிந்தவர்கள் நிறுத்தத் தெரியாதவர்களாயிருந்ததன் விளைவு அது.

அழிவைக் கண்டு அலறியவர்கள் யார்? வேட்டைக்காரர்களே! 1895ஆம் ஆண்டு பென்சில்வேனியா வேட்டை ஆணையம் தோன்றிற்று. 1906ஆம் ஆண்டு முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து காட்டில் விட்டனர். 1907ஆம் ஆண்டு, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியை வேட்டையில் பயன்படுத்தலாகாது என்று சட்டம் செய்தனர். அச்சட்டம் செல்லாது என்று வழக்காடினர். மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1910ஆம் ஆண்டில் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

அக்காலத்தில் அத்தகைய துப்பாக்கிகளை எதிர்த்து ஊரூராகக் குரல் எழுப்பியவர் வில்லியம் ஹார்னடே. நியூயார்க் விலங்கியல் பூங்காவின் தலைவர்; 1877-78ஆம் ஆண்டுகளில் நம் ஆனைமலைக் காடுகளிலே வேட்டையாடித் திரிந்தவர். அவரைப் போற்றிப் பாட நாம் முன்வரவில்லை. 1906ஆம் ஆண்டு, காங்கோ நாட்டு மனிதர் ஒருவரைக் குரங்குக் கூண்டிலே காட்சிப் பொருளாக்கிய கொடுமை அவர் பூங்காவில்தான் நடந்தது. அந்தப் பழி அவரை விட்டு நீங்காது. ஆனால் கை ஓயாத வேட்டையின் விளைவைக் கண்ணாரக் கண்டவர், 1913ஆம் ஆண்டு நூலொன்றே எழுதி, வேகத் துப்பாக்கியை வேட்டையிலிருந்து விலக்குக என்றார். அந்தச் சொல்லில் உண்மை இருந்தது. 1935ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு, வலசை போகும் பறவைகளைச் சுடுவோர் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருத்தலாகாது என்று விதி செய்தது. வாத்து வேட்டைக்கு மூன்று தோட்டாப் போதும் என்று ஒப்புக்கொண்ட நாட்டிலே, மான் வேட்டைக்கு வரம்பு கேட்டால் மட்டும் வம்பா?

இனி 2016ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், மாநிலச் சட்டமன்றம் பழைய தடையை நீக்கி, "முடிவை ஆணையமே செய்க" என்று மசோதா நிறைவேற்றிற்று. ஆளுநர் டாம் வுல்ஃப் கையொப்பமிட்டார். 2017 ஜனவரியில் ஆணையம் கூடி, சிறு விலங்கு முதல் மான், கரடி வரை எல்லாவற்றுக்கும் அரைத்தானியங்கியை அனுமதிக்கலாம் என்று முதற்கட்ட ஒப்புதல் அளித்துவிட்டது. காரியம் முடிந்தது என்றே எண்ணினர் கனவான்கள்.

ஆனால் முடியவில்லை! கடிதங்கள் வரத் தொடங்கின. உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களில் 4,000 பேரைப் பொறுக்கியெடுத்து ஆணையம் கருத்துக் கேட்டது. 2,000க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். மான் போன்ற பெருவிலங்கு வேட்டைக்கு இத்துப்பாக்கி கூடாது என்றோர் நூற்றுக்கு 64 பேர். அதே மக்கள், பயிருக்கும் கோழிக்கும் கேடு செய்யும் நரி போன்றவற்றுக்கு இருக்கலாம் என்றனர் பாதிக்கு மேற்பட்டோர். பாருங்கள், எவ்வளவு நிதானம்! கண்மூடித்தனமான எதிர்ப்பன்று; பகுத்துப் பார்த்து எழுந்த தீர்ப்பு. 2017 மார்ச் 28ஆம் நாள் ஆணையம் மக்கள் குரலுக்குப் பணிந்தது. சிறு விலங்குகளுக்கு அனுமதி, மானுக்கு இல்லை.

எதிர்த் தரப்பினர் என்ன சொல்லுகிறார்கள்? அவர்கள் வாதங்களையும் எடுத்துப் பார்ப்போம், ஒளிக்கத் தேவையில்லை.

"முதற்குண்டு காயப்படுத்தி, மான் தப்பியோடினால் துன்பமல்லவா? விரைவாக இரண்டாம் குண்டு சுட்டால் உயிர் உடனே பிரியுமே!" என்கின்றனர். கருணை ததும்பும் வாதம்! ஆனால் அனுபவம் என்ன சொல்லுகிறது? இரண்டாவது உண்டு, மூன்றாவது உண்டு என்ற நினைப்பே முதற்குண்டைக் கவனமின்றிச் சுட வைக்கிறது. ஓடும் மானின் மீது அவசரமாகப் பாயும் குண்டு காலிலும் வயிற்றிலும் படும். ஒரே குண்டுதான் என்று எண்ணுபவனே நிற்கும் மானை நிதானமாகக் குறிபார்ப்பான்; குறி சரியாக அமையாவிட்டால் விட்டுவிடுவான். கருணை வேண்டுமென்றால் அதைக் குறிபார்க்கும் கண்ணிலே தேடுங்கள். தோட்டாக் கூட்டிலே தேடாதீர்கள்.

"முதியோருக்கும் இளையோருக்கும் இத்துப்பாக்கியின் பின்னுதைப்புக் குறைவு" என்பது அடுத்த வாதம். உண்மைதான், ஓரளவு குறைவே. அதற்கு வழி, சிறிய தோட்டாவைப் பயன்படுத்தும் பழைய வகைத் துப்பாக்கி. தோள் நோகாதிருக்கக் காட்டிலே வேகம் எதற்கு?

"மற்ற மாநிலங்களில் அனுமதி உண்டே, அங்கெல்லாம் விபத்து பெருகிவிட்டதா?" என்பது மூன்றாம் வாதம். பெருகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பென்சில்வேனியா தன் காட்டைக் காத்த கதையையும் கேளுங்கள். பயிற்சி பெறாத புதியவருக்கு உரிமம் இல்லை என்றது. தொலைவிலிருந்தே தெரியும் செம்மஞ்சள் ஆடையை அணியச் செய்தது. விதி மேல் விதியாக வேலி கட்டிற்று. 1915ஆம் ஆண்டிலிருந்து விபத்துக் கணக்கு வைத்திருக்கும் அம்மாநிலத்தில், வேட்டைத் துப்பாக்கியால் ஓர் உயிர்கூடப் போகாத முதல் ஆண்டு 2012. அந்த ஓர் ஆண்டைக் காணத் தொண்ணூற்றேழு ஆண்டு ஆயிற்று! அப்படிக் கட்டிய வேலியிலே ஒரு கழியை உருவ வருபவர், உருவினால் கேடில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். அது அவர் கடமை. காத்து நிற்பவர் கடமையன்று.

நான்காவது வாதமே வலிமையுடையது. "இத்துப்பாக்கியை வீட்டிலே வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதே, காட்டுக்கு எடுத்துச் செல்ல மட்டும் ஏன் தடை?" என்பது அது. ஒப்புக்கொள்கிறோம், அம்மாநிலத்தில் உடைமைக்குத் தடையில்லை. ஆனால் உடைமை வேறு, பயன் வேறு. வீட்டிலே வலை வைத்திருப்பவன், குஞ்சு பொரிக்கும் பருவத்திலே ஏரியில் வீசலாமா? காடு தனியொருவன் சொத்தன்று. அந்த மாநிலத்தின் முதல் அரசியல் சட்டம், 1776ஆம் ஆண்டில் எழுதப்பட்டது, வேலியடைக்காத நிலமெங்கும் வேட்டையாடும் உரிமையை எல்லா மக்களுக்கும் தந்தது. ஆங்கில நாட்டிலே மன்னனுக்கும் மேட்டுக்குடியினருக்கும் மட்டுமே உரிய இன்பமாக இருந்ததை, உழவனுக்கும் தச்சனுக்கும் உரியதாக்கிய புரட்சி அது. ஆனால் அந்த உரிமையை வழங்கிய அதே விதியில், 'தக்க பருவங்களில்' என்ற வரம்பும் எழுதப்பட்டிருந்தது. உரிமை பிறந்த அன்றே வரம்பும் பிறந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வீசியெறிய எவருக்கும் இடமில்லை.

அப்படியானால் இந்த அவசரம் யாருக்கு? ஏ.ஆர்.15 என்ற துப்பாக்கி 1950களின் இறுதியில் உருவாயிற்று. அதே அமைப்பே எம்.16 என்ற பெயரில் போர்க்களம் சென்றது. பிறகு ஊர்ச் சந்தைக்கு வந்தது. 2009ஆம் ஆண்டளவில் ஆயுத வணிகர் சங்கம் அவ்வகைத் துப்பாக்கிகளுக்குப் புதுப் பெயர் சூட்டிப் பரப்பிற்று: 'நவீன விளையாட்டுத் துப்பாக்கி'! புலிக்குப் பசுத்தோல் போர்த்தியாயிற்று. பசு என்று ஊரார் நம்ப வேண்டுமானால், அது புல் மேய்வதைக் காட்ட வேண்டுமல்லவா? ஆகவேதான் வேட்டைக்காடு தேவைப்படுகிறது. மான் வேட்டைக்கு உரிய கருவி என்று சட்டமே சான்று தந்துவிட்டால், விற்பனைக்கு அதைவிட விளம்பரம் வேண்டுமா?

'வேட்டை' என்ற சொல் எப்படிப்பட்ட கடவுச்சீட்டாகப் பயன்பட்டது என்பதை நார்வே நாடு கண்ணீரால் அறிந்தது. 2011 ஜூலை 22ஆம் நாள், ஓஸ்லோவில் குண்டு வைத்து 8 பேரைக் கொன்ற கொலைகாரன், உட்டோயா தீவுக்குச் சென்று 69 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்த அரைத்தானியங்கி, மான் வேட்டைக்கு என்று விண்ணப்பித்துச் சட்டப்படி வாங்கியது. அத்தீவிலே கூடியிருந்தோர் யார்? தொழிற்கட்சியின் இளைஞர் அணியினர்! நம் பாசறைகளில் அமர்ந்து பேச்சுக் கேட்கும் தம்பிகளையும் தங்கைகளையும் போன்றவர்கள். கோடைப் பாசறைக்கு வந்த பிள்ளைகள் பிணமாகத் திரும்பினர். 2018ஆம் ஆண்டில் நார்வே புதிய ஆயுதச் சட்டம் இயற்றிற்று. இடைப்பட்ட ஏழாண்டு அந்தப் பெற்றோர்க்கு எப்படிக் கழிந்திருக்கும்!

நியூசிலாந்து அவ்வளவு காத்திருக்கவில்லை. 2019 மார்ச் 15ஆம் நாள் கிறைஸ்ட்சர்ச் நகரத்தின் இரு பள்ளிவாசல்களில் தொழுகைக்குக் கூடியவர்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். ஒரு திங்கள் முடியுமுன், நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு என்ற கணக்கில் பெரும்பாலான அரைத்தானியங்கிகளுக்குத் தடை வந்தது. அங்கும் மான் வேட்டை உண்டு. தடையால் வேட்டை அழிந்துவிடவில்லை. உழவர்க்குத் தேவையான சிறு துப்பாக்கிகளுக்கு விலக்கும் தந்தனர்.

வேட்டைக்காரர் எல்லாரும் கொலைகாரர் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது அநியாயம். பென்சில்வேனியா வேட்டைக்காரரின் நேர்மையே இக்கட்டுரைக்குப் பொருள். கொலைகாரன் ஒளிந்துகொள்ளும் போர்வையாகத் தங்கள் தொழிலின் பெயரை விடக்கூடாது என்ற மானம் எந்த வேட்டைக்காரனுக்கும் இருக்க வேண்டும் என்றே சொல்லுகிறோம்.

தோழர்களே! இந்தக் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் உண்டு. மேலே சட்டமன்றம் கதவைத் திறந்துவிட்டது. ஆணையம் பாதி வழி சென்றுவிட்டது. வணிகர் காத்திருந்தனர். அந்நிலையிலும், மலைச்சரிவிலே குளிரில் அமரும் சாதாரண மனிதன், ஒரு தாளை எடுத்து, "எங்கள் காட்டுக்கு இது வேண்டாம்" என்று எழுதினான். அவனைப் போன்றோர் எழுதினர், முடிவு மாறிற்று. கேட்டால் சொல்ல மக்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள்வோர்க்கு மனம் வேண்டும்.

ஆகவே, வரம்பை அகற்றுக என்று எவரேனும் நம் முன்னே வந்து முழங்கினால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த வரம்பு எந்த அழிவைக் கண்டு பிறந்தது? அகற்றினால் ஆதாயம் யார் பெட்டிக்குப் போகும்? அதனால் வாழ்வோரையும் அதனால் சாவோரையும் கேட்டீர்களா? மூன்றுக்கும் நேர்மையான விடை வரும்வரை, வேலியைத் தொட விடாதீர்கள்.