சேம்புக்கு வந்த பெயர்

இந்த வாரம் ஒரு தோட்டக் குறிப்பைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. ‘எலிஃபன்ட் இயர்’ நிழல் செடியாம். வடக்குப் பார்த்த பால்கனியில் வைத்துவிட்டால் போதுமாம். செடிகளின் மேல் ஒட்டப்படும் ஒற்றைச் சொல் அட்டைகளைக் கண்டு இந்தப் பத்தி கொதிப்பது புதிதல்ல. ஆனால் இந்த ஒரு வரியில் இரண்டு தவறு. முதலாவது, அந்தப் பெயரில் விற்கப்படுவது ஒரே செடி அல்ல. நம் சேம்பு, அலொகேசியா, கலேடியம் எல்லாமே அந்த ஒரே அட்டையோடு வருகின்றன. சேம்பை அடையாளம் காண முதலில் காம்பைப் பார்க்க வேண்டும். இலையின் பிளவில் ஒட்டாமல், சற்று உள்ளே தள்ளி அதன் முதுகில் வந்து சேர்ந்திருக்கும். நுனி தரையைப் பார்த்துத் தொங்கும். அலொகேசியாவின் பெரிய வகைகளில் நுனி வானத்தைப் பார்க்கும். அலொகேசியாக்களில் பல காட்டு மரங்களின் அடியில் வளர்ந்தவை; அவற்றுக்கு வடிந்து வரும் வெளிச்சம் போதும். வெள்ளை இலைக் கலேடியம் உச்சி வெயிலில் பொசுங்கிப்போகும். சேம்போ, கால் ஈரத்தில் இருந்தால் முழு வெயிலையும் வாங்கிக்கொள்ளும். ஹவாயின் ஹனலேய் பள்ளத்தாக்கில் நம் நெல்வயல் போல நீர் கட்டிய பாத்திகளில், மேலே ஒரு மரக்கிளைகூட இல்லாமல்தான் அதைப் பயிர் செய்கிறார்கள்.

இரண்டாவது தவறு திசையில். குளிர்நாடுகளில் வடக்குச் சுவர் என்றால் நிழல். சென்னை இருப்பதோ 13 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி நாட்களில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வடக்குப் பால்கனிக்குள்ளும் நுழைகிறது. மார்கழியில் அதே இடத்தில் ஒரு கீற்றுகூட விழாது. நிழலிலும் சேம்பு வளர்கிறதே என்பார்கள். வளரும். காம்பு நீண்டு, இலை அகன்று மெலிந்து, கிழங்கு சிறுத்துப்போகும்; கருநிற வகைகள் பச்சைக்குத் திரும்பிவிடும். வெயிலில் வைத்தால் ஓரம் கருகுகிறதே என்பதும் உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் தொட்டி காய்ந்ததன் விளைவு, அல்லது நர்சரியின் நிழல்வலையிலிருந்து ஒரே நாளில் வெட்டவெளிக்கு மாற்றியதன் விளைவு. இரண்டு வாரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டி, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் செடி பழகிக்கொள்ளும். தட்டில் கொசு முட்டையிடுமே என்ற அச்சம் நியாயமானது. வாரம் ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

வெயிலை விட அந்தப் பெயர்தான் இன்னும் உறுத்துகிறது. யானைக்காது என்பது நமக்கு வெளியிலிருந்து வந்த உவமையே அல்ல. குறுந்தொகையின் 76ஆம் பாடலில் கிள்ளிமங்கலங்கிழார் அதைச் சொல்லியிருக்கிறார். தலைவன் பிரியப்போகிறான் என்று தோழி சொல்ல, தலைவி பதில் சொல்கிறாள்: மலைச்சரிவில் சேம்பின் அகன்ற இலையை வாடைக்காற்று தூக்கி அசைக்க, அது பெருங்களிற்றின் செவிபோல ஆடும் இந்தக் கடும்பனியிலா அவர் போகிறார்? ஆங்கிலப் பெயர் இலையின் வடிவத்தோடு நின்றுவிடுகிறது. கிள்ளிமங்கலங்கிழார் அசைவைப் பார்த்தார். நீண்ட காம்பு முதுகில் வந்து தாங்குவதால், காற்று பட்டதும் இலை முழுவதும் அந்த ஒரே புள்ளியில் மடங்கி எழுகிறது. யானையின் காது விசிறுவதும் அப்படித்தான். பிரிவுத் துயரப் பாட்டில் தாவரவியல் தேடுவது சரியா என்று கேட்கலாம். அந்தத் துயரமே இலையின் நடுக்கத்தில்தான் நிற்கிறது. செடியைத் தவறாகப் பார்த்திருந்தால் உவமை அங்கேயே விழுந்திருக்கும். அந்தச் சேம்பு வெயிலில் நின்றதா, நிழலில் நின்றதா என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் அது நின்றது மலைச்சரிவில், வாடைக்காற்று தடையில்லாமல் வந்து தூக்கும் இடத்தில். இன்று அதே சேம்பு ‘எலிஃபன்ட் இயர்’ என்ற அட்டையோடு, சாத்திய ஜன்னலுக்குப் பின்னால், இலை அசையாமல் நிற்கிறது.